யார் வேண்டுமானாலும் திருத்தலாம்

கடலூர் டவுன் பஸ் நேரங்களை எல்லோரும் சேர்ந்து எழுதட்டும் என்று, மலிவான ஹோஸ்டிங்கில் ஒரு விக்கி போட்டேன்.

மூன்று நாள் மல்லுக்கட்டு. ஃபைல் ஏற்றும்போதெல்லாம் கரண்ட் போனது. ஏற்றி முடித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி. ஹோஸ்டிங் கம்பெனி சப்போர்ட்டில் கேட்டேன். "இங்கிலீஷ்ல போட்டுக்கங்க சார்."

இன்று காலை ஒருவழியாகத் தமிழ் தெரிந்தது. எனக்குத் தெரிந்த நேரங்களைப் போட்டு, சொந்தக்காரர்களுக்கு லிங்க் அனுப்பினேன். உடனே மாமா போன் செய்தார்.

"திருவந்திபுரம் ஆறு மணி வண்டி தப்புப்பா. ஆறே காலுக்குத்தான் எடுக்குறாங்க."

"நீங்களே திருத்தலாம் மாமா. விக்கியே அதுக்குத்தான்."

"உன் சைட்ல நான் எப்படிப்பா கை வைக்கிறது? நீயே மாத்திடு."

மச்சானும் இதையேதான் சொன்னான்.

சாயங்காலத்துக்குள் ஒரே ஒருவர் கூச்சப்படாமல் திருத்தியிருக்கிறார். பஸ் நேரத்தையெல்லாம் அழித்துவிட்டு ரஷ்ய மொழியில் மாத்திரை விற்கிறார்.

சரி, நேரம் தெரிந்தவர்கள் இங்கேயே கமெண்டில் சொல்லுங்கள். நானே போய் மாற்றித் தொலைக்கிறேன்.