செல் பிரிக்கும் இயந்திரத்தை ஓட வைத்தவன்

என் மச்சானுக்கு நான் பதினெட்டாயிரம் கடன்பட்டிருந்தேன். இரும்பு கடையும் லேத் இயந்திரம் வாங்கிய கடன். முதல் தேதிக்குள் கொடுக்காவிட்டால் லேத்தையே தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். லேத் போனால் பட்டறை இல்லை. பட்டறை போனால் நான் இல்லை.

அந்த வாரம்தான் எங்கள் ஊர் ஆராய்ச்சிக்கூடத்தை நடத்துகிற அம்மா ஆள் அனுப்பினார். உயிர்ச்செல்லின் உள்பாகங்களைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம், சென்ட்ரிஃபியூஜ், கிளப்பியதும் பேய் பிடித்ததுபோல் ஆடுகிறதாம். கம்பெனி ஆள், புதிதுதான் வாங்க வேண்டும் என்று கைகழுவிவிட்டுப் போயிருந்தான்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்றார் அம்மா.

"அஞ்சாவதும்மா. ஆனா சுத்துறது எதுவா இருந்தாலும் என் கைக்கு அடங்கும். பதினெட்டாயிரம் ஆகும். ஓடலைன்னா ஒத்தக் காசு வேணாம்."

திறந்தேன். சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தது. மாற்றுவது யாராலும் முடியும். ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது என்று கேட்கிறவன்தான் மெக்கானிக்.

பேரிங்கை மாற்றிவிட்டு, "எப்பவும் செய்யற மாதிரி செய்ங்க, பாக்கறேன்" என்றேன்.

ஒரு குழாயில் கெட்டியான சர்க்கரைக் கரைசல், அதன்மேல் ஈரலை அரைத்த கலவை. எதிர்க்குழாயில் அதே உயரத்துக்கு வெறும் தண்ணீர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, உயரம் ஒண்ணா இருந்தா கனமும் ஒண்ணாயிடுமா? பாகும் தண்ணியும் ஒரே எடையா? ஒரு பக்கம் கனத்தா ஆடாம என்ன செய்யும், பேரிங் தேயாம என்ன செய்யும்?"

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ! தராசு பக்கத்துலயே கிடக்கு. அவசரத்துல கண்ணாலயே அளந்துட்டோம்."

இரண்டு குழாய்களையும் எடைபோட்டுச் சமமாக்கி ஓட்டினோம். தூங்குகிற பிள்ளைபோல் ஓடியது. குழாயின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படிந்திருந்தது. அம்மா அதில் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"நீங்களே பாருங்க."

நீல நீலமாக உருண்டைகள்.

"செல்லோட உட்கரு அது. கனம்கிறதால அடியில போயிடுச்சு, மத்ததெல்லாம் மேலயே தங்கிடுச்சு. முன்னாடி ஆடுன ஆட்டத்துல எல்லாம் ஒண்ணாக் கலந்துடும்."

எத்தனை படித்தவர்கள் கூடி நின்றார்கள் தெரியுமா? அத்தனை பேருக்கும் முன்னால் முதலில் பார்த்தவன் நான். கூலியை அன்றே வாங்கிக்கொண்டேன்.

முதல் தேதி காலையில் மச்சான் பட்டறை வாசலில் நின்றார். "என்ன மாப்ள, லேத்த ஏத்த வண்டி கொண்டாரட்டுமா?"

"வண்டி எதுக்கு? கைய நீட்டுங்க மச்சான்."

ஒவ்வொரு நோட்டாக, தெருவுக்கே கேட்கும்படி எண்ணி, பதினெட்டாயிரத்தையும் அவருடைய விரித்த உள்ளங்கையில் வைத்தேன்.