காலுஸைக் குடிமாற்றிய கிரெசென்ஸ்

கிராமன் பள்ளத்தாக்கில் ஆற்றுக்கு வடக்கே இருப்பவர்கள் வெயில்காரர்கள், தெற்கே இருப்பவர்கள் நிழல்காரர்கள். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நிழல்காரர்களுக்குச் சூரியன் கிடையாது. எதிர்க்கரை வெயிலைப் பார்த்து வயிறெரிந்துகொள்ளலாம். குளிருக்கு அது கொஞ்சம் இதம். இந்த ஊருக்கு மேலேயிருந்து வந்தவை பனி, பாறை, வெள்ளம். கீழேயிருந்து வந்தவர்கள் வரிக்காரர்கள், பிஷப்பின் ஆட்கள், மூன்று நாட்டுப் படைகள். இதில் எது மோசம் என்று கேட்டால் ஊரார் யோசிக்காமல் பக்கத்து வீட்டுக்காரனைச் சொல்வார்கள்.

கிரெசென்ஸ் பிளாங்கர் நிழல்காரி. அறுபத்தொரு வயது, ஐந்து பசுக்கள், கல்லறையில் ஒரு புருஷன். பக்கத்து வீட்டுக்காரன் கஸ்ஸியான். அவளுடைய புல்வெளி மலையோடைக்கு நேர் கீழே சரிந்து இறங்கும். அது முடியும் இடத்தில் வேலி. வேலிக்குக் கீழே கஸ்ஸியானின் நிலம் தொடங்குகிறது. தொடக்கத்தில், தொட்டால் அரிக்கும் செந்தட்டி மட்டும்தான் முளைக்கும், அவனுடைய குணத்துக்குப் பொருத்தமாக.

ஐம்பத்தொன்றாம் வருடப் பனிச்சரிவில் கஸ்ஸியானின் அப்பன் காலுஸ் செத்தான். பதினொரு நாள் கழித்து அவனைத் தோண்டி எடுத்தது கிரெசென்ஸின் புல்வெளியில், மேல் ஓரத்தில். அந்த இடத்தில் படம் எழுதிய நினைவுப் பலகை ஒன்றை நட்டார்கள். அன்றிலிருந்து வருடா வருடம் கல்லறைத் திருநாளன்று கஸ்ஸியான் மெழுகுவர்த்தியோடு அவள் புல்லை மிதித்துக்கொண்டு மேலே போவான். போகும்போது எத்தனை அடி, வரும்போது எத்தனை அடி என்று அவள் எண்ணுவாள். வரும்போது எப்போதும் இரண்டு மூன்று அதிகமாக இருக்கும். வேண்டுமென்றே மிதிக்கிறான் என்பது அவள் முடிவு.

மகள் ஆஃப்ரா டோர்ன்பிர்ன் நகரத்தில் ஒரு விடுதிச் சமையலறையில் இருந்தாள். புல்வெளியின் கீழ்ப்பாதியில், பனிச்சறுக்கு ஆட்களுக்கு ஆறு அறை வைத்து வீடு கட்ட அனுமதி கிடைத்தால் புருஷனோடு ஊருக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். கிடைக்காவிட்டால் கிரெசென்ஸுக்குச் சாகும்வரை பேச்சுத்துணை கஸ்ஸியான்தான்.

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் பனிச்சரிவு வரைபடம் போடக் கிளம்பியது. பனி எட்டிய இடமெல்லாம் சிவப்பு. சிவப்பில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. இன்ஜினியர் ஊராரை விசாரிப்பார், நினைவுப் பலகைகளையும் பார்ப்பார் என்று செய்தி வந்தது. தன் புல்லில் ஒரு பிணத்தின் பலகை நிற்பது கிரெசென்ஸுக்கு உறுத்தியது. நற்கருணைப் பவனியன்று ஊரே கொடிபிடித்து ஜெபமாலையோடு நடந்துகொண்டிருக்க, அவள் முழங்கால் வலியென்று வீட்டில் தங்கினாள். வலித்த முழங்காலை ஊன்றிப் பலகையைப் பிடுங்கி, சரிவில் இழுத்துவந்து, வேலிக்கு அந்தப் பக்கம் செந்தட்டிக்குள் நட்டாள். பழைய குழியை மண் போட்டு மூடி, புற்கட்டியை ஒட்டுத்துணி மாதிரி வைத்துத் தட்டினாள்.

கஸ்ஸியான் அன்று மாலையே பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து இன்ஜினியர் வந்தார். இளவயது, புது பூட்ஸ். செந்தட்டிக்குள் நின்ற பலகைக்கு நேரே போனார்.

"உங்க அப்பாவ இங்கயா எடுத்தீங்க?"

"இங்கதான் சார்," என்றான் கஸ்ஸியான். "நாய்தான் மோப்பம் புடிச்சுது."

கிரெசென்ஸ் சந்தோஷத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டாள். இன்ஜினியர் மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, வரைபடத்தை விரித்துச் சிவப்புப் பென்சிலை எடுத்தார். பென்சில் ஓடையில் கிளம்பி அவளுடைய நிலத்துக்குள் இறங்கியது. நிற்கவில்லை.

"தம்பி, அத எங்க கொண்டு போறீங்க?"

"பனி பறந்து வராதேம்மா. உங்க புல்வெளி முழுக்க உருண்டுதானே இங்க வந்திருக்கணும்?"

கஸ்ஸியான் தன் செந்தட்டியைப் பெருந்தன்மையோடு பார்த்துக்கொண்டிருந்தான். "நம்ம பக்கமும் கொஞ்சம் செவப்பு போட்டுக்கங்க சார். நியாயம்னா நியாயம்."

கிரெசென்ஸ் வேலியிலிருந்து கையை எடுத்தாள். மகளா மானமா என்று பார்த்தாள்; வாயைத் திறந்தாள்.

"பலகை அங்க இல்ல தம்பி. மேல ஓரத்துல இருந்துச்சு. நான்தான் புடுங்கி இங்க நட்டேன்."

"இந்த ஊருல பனிச்சரிவ நகத்துற எட்டாவது ஆளு நீங்கம்மா. ஒருத்தர் அத ஆத்தத் தாண்டி பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிட்டாரு."

"சத்தியமா சொல்றேன். வாங்க, குழியக் காட்டுறேன்."

போய்ப் பார்த்தார்கள். புல் வெகு அழகாகப் பிடித்திருந்தது. எங்கே தோண்டினாள் என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

"விடுங்க சார், தனியா கெடக்கற பொம்பள," என்றான் கஸ்ஸியான். "செத்தவன் பலகையப் போயி யாராவது புடுங்குவாங்களா?"

இன்ஜினியர் மற்ற நிழல்காரர்களையும் கேட்டார். மேய்ச்சல் வழக்குகளில் அவர்களில் நாலு பேருக்கு எதிராக அவள் சாட்சி சொல்லியிருந்தாள். பலகை என்றும் வேலிக்குக் கீழேதான் நின்றது என்று நாலு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். மிச்சப்பேருக்கு ஞாபகமில்லை.

வரைபடம் வந்த அன்று ஆஃப்ரா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என்னம்மா, எவ்வளவு செவப்பு?"

"எல்லாம். நம்ம வீடும் சேத்து. அந்தக் கஸ்ஸியான் பய பண்ணின வேலை."

"எப்படிம்மா? தாத்தா காலத்துலேந்து பலகை மேல ஓரத்துலதானே இருக்கு? கீழ்ப்பாதி தப்பிச்சிருக்கணுமே."

கிரெசென்ஸ் ஜன்னல் வழியே வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் ஆஃப்ரா. "நீ என்ன பண்ணித் தொலைச்ச?"

"மாட்டுக்குத் தண்ணி வைக்கணும்," என்று சொல்லி அவள் தொலைபேசியை வைத்தாள்.