இரண்டாவது தண்ணீர்

ஒரு காரியம் முடிந்துவிட்டது என்று நானே தீர்மானித்துவிட்டால், பிறகு யார் சொன்னாலும் என் காதில் ஏறாது. தொண்ணூறுகளின் நடுவில் என் ஏழு வயது மகளுக்கு டெங்கு வந்தபோதும் அப்படித்தான்.

குரோம்பேட்டையில், ரயில் பாதைக்குக் கிழக்கே குடியிருந்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டு டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, "டெங்கு மாதிரிதாம்மா தெரியுது. காய்ச்சல் விட்டப்புறம்தான் ரெண்டு நாள் ஜாக்கிரதையா இருக்கணும். ஒன்னுக்கு ஒழுங்கா போறாளான்னு பாருங்க" என்றார். காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. காய்ச்சல் அடிக்கும்போதுதானே பார்த்துக்கொள்ள வேண்டும், அது விட்ட பிறகா பார்ப்பார்கள்?

வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட வெந்நீரைத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்டி, ரசம் சாதம் ஊட்டினேன். தலைக்குத் தண்ணீர் விட்டால் எங்கள் வீட்டில் நோய் முடிந்தது என்று அர்த்தம். திங்கட்கிழமைக்கான யூனிஃபார்மைக்கூட இஸ்திரி போட்டு மாட்டிவிட்டேன்.

மத்தியானம் அவள் கைகால் சில்லிட்டது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். அவள் அப்பா வெளியூரில். மாடிவீட்டு அக்கா வந்து தொட்டுப் பார்த்தார்.

"தலைக்கு ஊத்தினியே, அதான் ஜில்லுனு ஆயிடுச்சு. போர்த்தித் தூங்க விடு. இந்த ஈரத் தலையோட வெளிய கூட்டிட்டுப் போகாத."

எனக்கும் அது சரியென்றே பட்டது. கம்பளியைப் போர்த்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், காலையிலிருந்து அவள் ஒன்றுக்கே போகவில்லை என்பது உறைத்தது. கம்பளியோடு அவளை அள்ளிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். அக்கா வாசல்வரை திட்டிக்கொண்டே வந்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கி, மின்சார ரயில் போனதும் இரண்டு பக்கமும் பார்த்து, கேட்டுக்கு அடியில் குனிந்து தண்டவாளத்தைத் தாண்டினேன். அதே டாக்டர் தன் ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்ற ஆரம்பித்தார்.

"நான்தான் சார் தலைக்கு ஊத்திட்டேன்" என்று அவள் கட்டிலருகிலேயே ஓவென்று அழுதேன்.

"தண்ணி ஒன்னும் பண்ணலம்மா. காய்ச்சல் விடும்போது வர்ற ஆபத்து இது. நல்லவேளை, வந்துட்டீங்க" என்றார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இந்த முறை நோய் முடிந்துவிட்டது என்று நானாகத் தீர்மானிக்கவில்லை. கஞ்சி, இளநீர், மோர் என்று ஒவ்வொரு டம்ளரையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்தேன். அவள் ஒன்றுக்குப் போன ஒவ்வொரு தடவையும் எனக்குத் தீபாவளிதான். அவள் பாதமெல்லாம் சிவந்து அரித்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். பத்து நாளில் மாடிப்படி ஏறி இறங்கினாள், என்னோடு சண்டை போட்டாள்.

தலையை நனைக்க மட்டும் விடவில்லை. "தண்ணி ஊத்தினதாலதான் எனக்கு அப்படி ஆச்சு" என்றாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவள் முன்னாலேயே அதைத்தான் சொல்லியிருந்தார்கள். முடி சிக்குப் பிடித்து நாறியது. அதட்டினேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் கையைக் கண்டே குழந்தை பயப்படுகிறது என்பது எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வெந்நீர் வைத்துவிட்டு, அவளைக் கூப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே வந்தாள்.

"தண்ணியால இல்லன்னா ஆஸ்பத்திரில நீ ஏன் அழுத?"

கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் சொன்னேன்.

"காய்ச்சல் விட்டதும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனச்சிட்டேன். டாக்டர் சொன்னத சரியா கேக்கல. தப்பு என்னோடது, தண்ணியோடது இல்ல."

அவள் பக்கெட்டில் கையை விட்டுச் சூடு பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"ம், ஊத்து."