மாமனாரை வெட்டிய கலகக்காரன்

மாமனார் மீசையில் தூளி கட்டலாம் என்று நான் சொன்னது விளையாட்டாகத்தான். என் மனைவி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ராயக்கோட்டையில் இருந்த அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இருபது நாளாகப் பேச்சில்லை. பாரூரில் எங்கள் வீட்டில் நானே கிளறிய களியை எங்கள் நாயே முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

அந்தச் சமயத்தில் ராயக்கோட்டை மலைக்கோட்டையில் சினிமா எடுக்க வந்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்து ஒரு பாளையக்காரன் கலகம் செய்கிற கதை. சண்டைக்கு ஆள் வேண்டுமாம். கையில் வாளோடு என்னைப் பார்த்தால் அவள் மனம் இளகும் என்று பஸ் ஏறினேன். தலைப்பாகை, வார்ச்செருப்பு, தகரம் ஒட்டிய மரக்கத்தி எல்லாம் கொடுத்துக் கலகக்காரன் ஆக்கினார்கள்.

எதிரே சிவப்புக் கோட்டும் முகமெல்லாம் பவுடருமாக வெள்ளைக்காரத் தளபதி வந்தார். மீசையைப் பார்த்ததும்தான் ஆள் யாரென்று தெரிந்தது. மாமனார்! அந்த மீசைக்காகவே வீடு தேடிப் போய் அழைத்து வந்தார்களாம்.

மாமனார் எதிரே செருப்புக் காலோடு நிற்பதே எங்கள் பக்கம் வழக்கமில்லை. கத்தியை எப்படி ஓங்குவது?

"வெட்டு!" என்று டைரக்டர் கத்தினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"வெட்டுங்க மாப்ளே" என்றார் மாமனார்.

"நீங்க மொதல்ல விழுந்துடுங்க மாமா. நான் அப்பறமா வெட்டிக்கறேன்."

"அது எப்பிடிங்க? வெட்டாத எப்பிடி விழறது?"

"யோவ், அவரு மாமா இல்லய்யா, எதிரி!" டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். இரண்டு படையும் சண்டையை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தது. அந்தக் காலத்தில் நான் இருந்திருந்தால் வெள்ளைக்காரன் இன்னும் போயிருக்க மாட்டான்.

படப்பிடிப்பைப் பார்க்க வந்து பாறைமேல் உட்கார்ந்திருந்த பெண்கள் நடுவிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "வெட்டித் தொலைங்களேன்! எங்கப்பா எவ்ளோ நேரந்தான் வெயில்ல நிப்பாரு?"

இருபது நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். அடி விழுந்தது பக்கத்தில் நின்ற எங்கள் கட்சிக் கலகக்காரன் முதுகில். ஆனாலும் மாமனார் பெருந்தன்மையாக மூன்று சுற்றுச் சுற்றி விழுந்தார்.

குனிந்து கேட்டேன். "பட்டுடுச்சுங்களா மாமா?"

பிணம் கண் திறக்காமல் பேசியது. "இல்லீங்க. கத்தி கையில இருந்தும் மருவாதி பாத்தீங்களே, அது போதும். சாயங்கால பஸ்ஸுல அவள கூட்டிட்டுப் போங்க."

படம் வந்ததும் கிருஷ்ணகிரிக் கொட்டகையில் போய்ப் பார்த்தோம். திரை முழுக்க மாமனார் மீசை. ஓரத்தில் என் தலைப்பாகை நுனி மட்டும்.

"அப்பா மீசை எடுப்பா இல்ல?" என்றாள் மனைவி.

"எடுப்புதான்" என்றேன். களி கிளறுவது லேசுப்பட்ட வேலை இல்லை.