ஊர் பேர் சரி, வீட்டு நம்பர் எங்கே?

மூன்று வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. மதியம் மூன்றரை மணிக்கு என் வீட்டு வாசலில் தனத்தின் மொபெட் வந்து நின்றது. மாவு கொண்டுவரும் நேரம் அது இல்லை. கையில் மாவுப் பாக்கெட்டும் இல்லை. புதன்கிழமை நான் பிரின்ட் எடுத்துக் கொடுத்த காகிதமும், நாலாக மடித்த ஒரு நோட்டீசும்தான் இருந்தன.

"அக்கா, கோச்சிக்காதீங்க... நீங்க வேற வூட்டுல குடுத்துட்டீங்களோன்னு தோணுதுங்க."

வேறு வீடா? நானா?

தனத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காடாம்புலியூர்க்காரி. இங்கே நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு கேன்டீனில் பதினோரு வருஷமாகச் சமையல் — கான்ட்ராக்டில். சாயங்காலமானால் எங்கள் பிளாக்கில் வீடு வீடாக இட்லி மாவு போடுவாள். நெய்வேலியில் ஒருவரின் ஜாதகத்தை இரண்டே வார்த்தையில் எழுதிவிடலாம்: கான்ட்ராக்ட், பர்மனென்ட். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் ராசி நட்சத்திரத்தைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள்.

வடலூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரி ஹாஸ்டலுக்குச் சமையலர் தேவை என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். பர்மனென்ட். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும். தனத்துக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. "இத்த வுட்டா அப்புறம் பர்மனென்டுன்னு வாயால கூட சொல்ல முடியாதுங்கக்கா" என்றுதான் என்னிடம் வந்தாள்.

எங்கள் பிளாக்கில் ஆன்லைன் என்றால் நான்தான். கேஸ் புக்கிங், ஹால் டிக்கெட், ரிட்டயர் ஆனவர்களின் உயிர்ச் சான்று... எல்லாம் என் டைனிங் டேபிளில்தான் நடக்கும். 'அந்தக்காவுக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி' என்று பேர். பேர் வந்தால் கூடவே தலைக்கனமும் வராதா? வந்தது. புதன்கிழமை கால் மணி நேரத்தில் படிவத்தை நிரப்பி, போட்டோ ஏற்றி, பிரின்ட் எடுத்து, "போய் நிம்மதியா தூங்கு" என்று ஆசீர்வாதமும் செய்து அனுப்பினேன்.

இப்போது வந்து வேறு வீடு என்கிறாள்!

லேப்டாப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். "நல்லா பாரு தனம். மேல என்ன போட்டிருக்கு? காலேஜ் பேர்தானே?"

குனிந்து பார்த்தாள். "ஊர் பேரு சரிங்கக்கா. வூட்டு நம்பரு எங்கங்க?"

மேலே கல்லூரித் தளத்தின் பேர் மட்டும்தான் இருந்தது.

இந்தக் கேள்வி எங்கள் ஊரில்தான் பிறக்கும். கம்பெனி கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. அதே கேட், அதே ஜன்னல், அதே சிமென்ட் படி. பிளாக், தெரு, நம்பர் — மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் நீங்கள் வேறு யார் வீட்டிலோ நிற்பீர்கள். இந்த பிளாக்குக்கு நாங்கள் மாறி வந்த வாரம், என் வீட்டுக்காரர் முதல் ஷிப்ட் முடிந்து வந்து, வண்டியை நிறுத்தி, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, "காபி" என்று குரல் கொடுத்தார். காபியும் வந்தது. பாதி குடித்த பிறகுதான் சுவரில் இருந்த கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை வேறு ஆள் என்று கவனித்திருக்கிறார். நம்பர் சரி, தெரு தப்பு! காபி போட்ட அம்மாள், தன் வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவர் போல என்று நினைத்து, சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டாராம். அந்தக் காபியின் ருசியைப் பற்றி இவர் இன்றுவரை பேசுகிறார். அது தனி வழக்கு.

தனம் அப்படி ஏமாற மாட்டாள். கேட்டைப் பார்த்து மாவு போடுகிறவள் இல்லை அவள். நம்பர் பலகையைக் கடைசி எழுத்துவரை பார்த்துத்தான் மணி அடிப்பாள்.

பிரின்ட்டின் அடியில் எறும்பு சைஸில் ஒரு வரி இருந்தது. பிரின்ட் எடுக்கும்போது பிரவுசர் தானாகவே போடுகிற முழு இணைய முகவரி. நான் ஒருநாளும் அதைப் படித்ததில்லை. அவள் படித்திருக்கிறாள். நோட்டீசில் இருந்த முகவரியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"இங்கிலீசு தெரியாதுங்க. ஆனா எழுத்து ஒத்துப்போவுதான்னு பாத்துக்கினே வந்தேன். கடைசில நோட்டீசுல ஏழு இருக்குது. இதுல மூணு இருக்குதுங்க."

அப்போதுதான் நினைவு வந்தது. போன வருஷம் வேறொருவருக்காக இதே கல்லூரியில் தற்காலிக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அது மூன்றாம் நம்பர் படிவம். இந்தத் தடவை கல்லூரியின் பேரைத் தட்ட ஆரம்பித்ததுமே, பிரவுசர் முந்திரிக்கொட்டையாக அந்தப் பழைய பக்கத்தை எடுத்து நீட்டியிருக்கிறது. இரண்டு படிவமும் குவார்ட்டர்ஸ் மாதிரியே... ஒரே அச்சு. எந்த வேலைக்கு என்பதுகூட மேலே கிடையாது. பழையதை எடுக்காமல் அப்படியே விட்டுவைத்த கல்லூரியின் சுறுசுறுப்பையும் பாராட்ட வேண்டும்.

முன்பெல்லாம் முகவரி முழுதாக மேலே தெரியும். கண்ணில் பட்டிருக்கும். ஒரு மாதத்துக்கு முன் வந்த பிரவுசர் அப்டேட், தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டிவிட்டது. தளத்தின் பேர் மட்டும்தான் தெரியும். மிச்சம் எங்கே? 'உங்கள் வசதிக்காக' மறைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைச் சொடுக்கினால் முழுசாக வருமாம் — வரும்தான். யார் என்னிடம் சொன்னார்கள்? நீளமான முகவரியைப் பார்த்தால் சாதாரண ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள் என்று எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து யாரோ முடிவு பண்ணியிருக்கிறார். அந்தச் சாதாரண ஜனம் என் எதிரே நோட்டீசும் கையுமாக நின்றது. மிரண்டுபோயிருந்தது நான்!

மணி மூன்றே முக்கால். அன்றுதான் கடைசி நாள்; ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும்.

முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை தனம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். முகவரியைச் சொடுக்கி, ஒவ்வொரு எழுத்தாக என்னை வாய்விட்டுப் படிக்க வைத்தாள். எல்கேஜி பிள்ளை மாதிரி படித்தேன். ஏழு என்றதும்தான் தலையை ஆட்டினாள். போட்டோ ஏறவில்லை, சைஸ் பெரிசு என்றது. சின்னதாக்கினேன். ஓடிபி வரவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள், டவருக்காக. நாலே முக்காலுக்கு 'சமையலர் — நிரந்தரம்' என்று ரசீது வந்தது. புதன்கிழமை வந்த ரசீதை நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிடு தனம்" என்றேன். உண்மையாகவே வெட்கமாக இருந்தது. இவள் மட்டும் என்னை நம்பி நிம்மதியாகத் தூங்கியிருந்தால்?

"வுடுங்கக்கா. எல்லா வூடும் ஒரே மாதிரி இருந்தா யாருதான் தப்பு பண்ணமாட்டாங்க?"

மறுநாள் அந்த வாலைத் திரும்ப ஒட்டவைக்க உட்கார்ந்தேன். செட்டிங்ஸில் தேடினேன். நிறம் மாற்றலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், பின்னால் மலை, அருவி எல்லாம் வைக்கலாம். முகவரியைக் காட்டு என்று மட்டும் கேட்க முடியாது. என்னைப் போலவே பறிகொடுத்த நாலு பேர் இணையத்தில் புலம்பியிருந்தார்கள். அவர்கள் தயவில்தான் விஷயம் தெரிந்தது — எந்த மெனுவிலும் இல்லாத ரகசியப் பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறக்க முகவரிப் பெட்டியில் ஒரு ரகசிய வார்த்தையைத் தட்ட வேண்டும். அதாவது, தொலைந்த அட்ரஸைக் கண்டுபிடிக்க, யாருக்கும் சொல்லாத இன்னொரு அட்ரஸ் தெரிந்திருக்க வேண்டும்!

தட்டினேன். ஒரு எச்சரிக்கை வந்தது. இங்கே கை வைத்தால் தகவல்கள் அழியலாம், பாதுகாப்பு கெடலாம், எல்லாம் உங்கள் பொறுப்பு என்று. டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் மண்டையோடு போட்டுத் தொங்குமே, அந்த தோரணை. என்னைக் கேட்காமல் என் முகவரியை வெட்டியபோது இந்த எச்சரிக்கை எங்கே போயிருந்தது? நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே முகவரியை மறைக்கிற அந்த ஒரு வரியைப் பிடித்து 'டிசேபிள்' செய்து, பிரவுசரை மூடித் திறந்தேன். வால் வந்துவிட்டது. நீளமாக, கோணலாக, சாய்வுக்கோடும் நம்பருமாக. பார்க்கவே அழகாக இருந்தது.

அன்று மாவு கொண்டுவந்த தனத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடைசி எழுத்துவரை பார்த்தாள். "இப்பதாங்கக்கா பலகை மாட்டிருக்காங்க" என்றாள்.

நேற்று அவளுக்கு இன்டர்வியூ கடிதம் வந்திருக்கிறது. உறையில் அவள் பேர், கதவு எண், தெரு, காடாம்புலியூர் என்று எதுவும் குறையாமல் எழுதியிருந்ததாம். தபால்காரர் நேராக வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தாராம்.

நல்லவேளை, தபால்காரருக்கு இன்னும் யாரும் அப்டேட் போடவில்லை.