நூலே அறாத மில்

கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தேன். கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடியில் இயங்கிய சிறிய கம்பெனி. நூற்பாலை இயந்திரங்களின் கணக்கைக் கம்ப்யூட்டரில் காட்டும் புரோகிராம்களை சி மொழியில் எழுதினோம். இயந்திரத்திலிருந்து எண்களை வாங்கும் பகுதி சீனியருடையது. அவற்றைத் திரையில் காட்டும் பகுதி என்னுடையது.

நான் திரும்பிய வாரமே, புதிதாகப் பொருத்திய ஒரு மில்லில் தகராறு. ஓடிய நூலின் நீளம் சரியாக வந்தது. நூல் அறுந்த எண்ணிக்கை மட்டும் எப்போதும் பூஜ்யம்.

மில் மேனேஜர் நேரிலேயே வந்துவிட்டார். "ஏனுங்க, எங்க மில்லுல நூலே அறுறதில்லீங்களா? மொதலாளி பாத்தா எனக்குச் சம்பளம் ஏத்திப்போடுவாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரையில் தப்பு என்றால் என் தப்புதான் என்று முடிவாகிவிட்டது. கைக்குழந்தைக்காரி, கவனம் வீட்டில்தான் இருக்கும், அந்தப் பகுதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சீனியர் எங்கள் கம்பெனி முதலாளியிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. சனிக்கிழமை வரை பார்க்கலாம் என்றார் முதலாளி. பாலைச் சரியாக ஆற்றிக் கொடுத்தேனா என்று பஸ்ஸில் பாதி வழி யோசிப்பவள் நான். சீனியர் சொல்வது சரியாக இருக்குமோ என்றுகூடத் தோன்றியது. என் வரிகளை மறுபடி மறுபடி படித்தேன். பிழை எதுவும் கிடைக்காததே பயமாக இருந்தது.

அவரவர் பகுதியை அவரவர் மெஷினில் கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி, ஃபிளாப்பியில் கொண்டுவந்து ஒன்றாக இணைப்பது அங்கே வழக்கம். எண்களின் அமைப்பைச் சொல்லும் ஹெடர் ஃபைல் இருவருக்கும் பொதுவானது. அதற்குள் ஒரு நிபந்தனை இருந்தது: பெரிய மில் என்று கம்பைலருக்குச் சொல்லியிருந்தால் நீளத்தை வைக்க நான்கு பைட் இடம், சொல்லாவிட்டால் இரண்டு.

படித்தது போதும், கம்ப்யூட்டரையே கேட்போம் என்று, நீளத்துக்கு எத்தனை பைட் என்று காட்டும் ஒரு வரியை என் ஃபைலில் சேர்த்தேன். சீனியரிடம் சொல்லி அவர் ஃபைலிலும் சேர்க்கவைத்தேன். என்னுடையது இரண்டு என்றது. அவருடையது நான்கு என்றது.

அவருடைய கட்டளையைப் பார்த்ததும் புரிந்தது. நான் விடுப்பில் இருந்தபோது, பெரிய மில் என்பதை அவர் தன் மெஷினின் கம்பைல் கட்டளையில் மட்டும் சேர்த்திருக்கிறார். அவர் நான்கு பைட்டில் வைத்த நீளத்தில் முதல் இரண்டை மட்டும் நீளமாக எடுத்துக்கொண்டு, நீளம் இன்னும் சிறியதாக இருந்ததால் நிரம்பாமல் பூஜ்யமாகவே கிடந்த மற்ற இரண்டை அறுந்த எண்ணிக்கையாக என் பகுதி காட்டியிருக்கிறது. தனித்தனியாகக் கம்பைல் ஆனதால் கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை.

என் கட்டளையிலும் அதைச் சேர்த்தேன், அறுந்த எண்ணிக்கை வந்தது. சரிதானா என்று இன்னொரு முறை ஓட்டிப் பார்த்த பிறகே அவரை அழைத்தேன். "ஏனுங்ணா, இதக் கொஞ்சம் பாருங்க."

அவர் திரையில் வந்த எண்ணிக்கையையும் தன் கட்டளையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "நான் செஞ்சுபோட்டு உங்களச் சொல்லிப்போட்டேனுங்களே, அம்மணி" என்றவர், அவராகவே எழுந்து முதலாளியின் அறைக்குப் போனார்.

அடுத்த வாரத்திலிருந்து எல்லோருடைய ஃபைல்களும் என் மெஷினில், ஒரே கட்டளையில் கம்பைல் ஆயின. சீனியர் தன் ஃபிளாப்பியை என் மேஜையில் வைத்துவிட்டு, கட்டளையை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன், ஒரு தடவைக்கு மேலேயே.