மஸ்கட்டுக்குப் போன பழைய வேட்டி

வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும் ஒரு கம்பெனி, தென்காசியில் குற்றாலம் ரோட்டில் கிளை திறந்தபோது கவுண்டரில் உட்கார என்னை எடுத்தார்கள். ஏற்றுமதிக்காரர்களின் சாம்பிள்கள் குவியும் என்று மதுரையிலிருந்த மேனேஜர் நம்பியிருந்தார். வந்தவை ஒன்றிரண்டு சர்டிபிகேட் உறைகள்தான். "இன்னும் ரெண்டு மாசம் பாப்போம்" என்று போனில் சொன்னார். அதற்குப்பின் பூட்டிவிடுவார்கள் என்று எனக்குப் புரிந்தது.

ஒரு சாரல் நாளில் அச்சன்புதூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். பை நிறைய பழைய வெள்ளை வேட்டிகள், துண்டு துண்டாகக் கிழித்து மடித்தவை.

"எம் மவ மஸ்கட்ல இருக்கா. மொதப் பிரசவம். பிள்ளையப் பொதிய இத அனுப்பணும்."

"அங்கன கடையிலயே கிடைக்கும்லாம்மா?"

"புதுத்துணி பச்ச உடம்புல உறுத்தும்லா. இது அவ வாப்பா கட்டுனது. தொட்டுப் பாரு."

தொட்டேன். அத்தனை மென்மையாக இருந்தது.

மேனேஜரிடம் போனில் கேட்டேன். "பழைய துணியா? கஸ்டம்ஸ்ல நிறுத்திருவாங்க. வேண்டாம்னு சொல்லிரும்மா."

அதுவரை அவரை எதிர்த்துப் பேசியதில்லை. "விதியில தடை இல்ல சார். நானே பாத்துட்டேன். நான் பொறுப்பு" என்றேன்.

அந்த அம்மா துணிகளை மறுபடி துவைத்து, தேய்த்து, மறுநாள் கொண்டுவந்தார். பிறக்கப்போகும் குழந்தைக்கான பருத்தித் துணி என்று படிவத்தில் தெளிவாக எழுதி அனுப்பினேன். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் காலையில், ஒப்படைக்கப்பட்டது என்று திரையில் வந்ததும் அந்த அம்மாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பிள்ளைக்கு முந்தி துணி போய்ச் சேந்துட்டே" என்றார்.

அடுத்த வாரம் அவர் தெருவிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். அதுவரை, லீவு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புகிறவர்களின் வீடு தேடிப்போய்க் கெஞ்சித்தான் எதையும் கொடுத்துவிட முடிந்தது. "இனி யாரு பெட்டியிலயும் எடம் கேக்க வேண்டாம்லா" என்றார் ஒருவர். கடையநல்லூர், ஆய்க்குடி என்று பேச்சு பரவியது. மேனேஜர் நேரில் வந்து அரைநாள் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "இன்னொரு கவுண்டர் போட்டுரலாம்" என்றார்.

போன மாதம் செங்கோட்டையில் புதுக்கிளை திறந்தோம். அதற்கு நான்தான் பொறுப்பு. முதல் நாள், அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்குச் சான்றிதழ் அனுப்ப எல்லை தாண்டி ஒரு மலையாளப் பெண் வந்தாள். "எத்ர திவசம் ஆகும் சேச்சி?" என்று கேட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, எத்தன நாளுன்னு சொல்லுதேன்" என்றேன்.